மாடிப்படி ஏறுகிற சாமர்த்தியம்

நடுவர் அண்ணாச்சி அவர்களே, எதிரணி நண்பர்களே, பாளையங்கோட்டைப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

‘பழைய புத்தகக் கடைக்காரரின் சாமர்த்தியம் விற்பதிலா, வாங்குவதிலா?’ இதுதான் தலைப்பு. வர்றவங்க மனசறிஞ்சு எடுத்துக் கொடுக்கிறதுதான் தொழில்னு எதிரணி அக்கா அழகாச் சொன்னாங்க. எடுத்துக் கொடுக்க அலமாரியில ஏதாவது இருக்கணும்லா? புதுப் புத்தகம் தீர்ந்துட்டா பதிப்பகத்துக்கு ஒரு போன் போட்டா பார்சல் வந்திரும். பழசுக்கு ஆர்டர் போட இடம் கிடையாது, விக்காததைத் திருப்பி எடுக்க ஆளும் கிடையாது. பழசு வாங்கப் போற ஒரு வீட்டு மாடியில வேர்க்க விறுவிறுக்க அரை மணி நேரத்துல எடுக்கிற முடிவுதான் கடையோட அடுத்த ரெண்டு வருஷம்.

அந்த மாடிக்கு வாங்க. “அப்பா சேர்த்தது, மொத்தமா எடுத்தா எடுங்க”ங்கிறாங்க. 300 புத்தகம்னு ஒரு கணக்குக்கு வச்சுக்கிடுவோம். அதுல 60 சீக்கிரம் போகும், 100 வருஷக்கணக்கா அலமாரியிலயே கிடக்கும், மிச்சம் 140 எடைக்குத்தான். அப்போ கொடுக்கிற பணத்தை 300-ஆல வகுக்கக் கூடாது, 60-ஆல வகுக்கணும். ஆட்டோ வாடகையையும் அந்த அறுபது மேலதான் ஏத்தணும். இந்தக் கணக்குத் தப்பினா, அப்புறம் எப்படி இனிக்க இனிக்கப் பேசி வித்தாலும் முதல் திரும்பாது.

முதல்ல மூக்குதான் வேலை செய்யணும். 2023 டிசம்பர் 17, 18-ல தாமிரபரணி ஊருக்குள்ள வந்ததை நாம மறக்க மாட்டோம். அன்னைக்கு நனைஞ்ச புத்தகம் இன்னைக்கும் விலைக்கு வருது. சாதாரணத் தாளா இருந்தா, நிமிர்த்தி வச்சு, ஏட்டை விசிறி மாதிரி விரிச்சு, நிழல்ல ஃபேன் போட்டு தேத்தியிருக்கலாம். வழவழப்பான ஆர்ட் பேப்பர் ஈரத்தோட ஒட்டிக் காய்ஞ்சிருந்தா அது செங்கல்தான், பிரிச்சா கிழியும். ஓரம் அலை அலையா இருக்கா, அட்டைக்கு உள்பக்கம் வண்டல் கோடு தெரியுதா, புழுங்கின வாடை அடிக்குதா? வேண்டாம். பூஞ்சை பிடிச்ச ஒண்ணு, அலமாரியில பக்கத்துல இருக்கிறதையும் கெடுக்கும்.

ரெண்டாவது, முதுகைப் பிடிச்சுத் தலைகீழா மெல்ல உதறணும். இராமபாணப் பூச்சி அட்டையில தொடங்கி ஏடு ஏடாத் துளைச்சிக்கிட்டே போகும். துளை மட்டும் இருந்தா பழைய சேதம், எழுத்து தப்பிச்சிருந்தா வாங்கலாம். மாவு மாதிரிப் பொடி கொட்டினா பூச்சி இன்னும் உள்ள இருக்குன்னு அர்த்தம், எடுக்கவே கூடாது.

இனி வருஷம். இங்கதான் வாங்குறவரோட படிப்பு தெரியும். பழைய நூல் சிலதுல ஆங்கில வருஷமே இருக்காது, ‘விக்கிருதி’ன்னு அறுபது வருஷத்துக்கு ஒருக்கா வர்ற தமிழ் வருஷப் பேர் மட்டும் போட்டிருக்கும். விக்கிருதி 1890-லயும் வந்துது, 1950-லயும் வந்துது, 2010-லயும் வந்துது. விலை அணாவில போட்டிருந்தா 2010 இல்லை, ஏன்னா 1957 ஏப்ரல்ல நயா பைசா வந்திருச்சு. மிச்சம் ரெண்டுல எது? பதிப்பகத்தைப் பாருங்க. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம்னு இருந்தா 1950-தான். அந்தக் கழகம் நம்ம திருநெல்வேலியில பிறந்ததே 1920-லதான்லா! இது தெரியாதவர் அறுபது வருஷம் தப்பா விலை பேசுவார். ஒண்ணு தன் பணம் போகும், இல்லேன்னா அந்த வீட்டுக்காரங்களுக்கு அநியாயம் நடக்கும். ரெண்டாவதுதான் பெரிய பாவம்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழிச்சுச் சேர்த்து வீட்டுல பைண்டு பண்ணி வச்சிருப்பாங்க. ஓவியத்தோட இருக்கிறதால அதுக்குத் தனி மவுசு. அத்தியாய எண்ணை வரிசையா ஓட்டிப் பாக்கணும். நடுவுல ஒரு வாரம் விட்டிருந்தாலும் பாதி மதிப்பு போச்சு.

அப்புறம் சட்டப் புத்தகம். புதுத் தண்டனைச் சட்டம் 2023 டிசம்பர்லயே நாடாளுமன்றத்துல நிறைவேறியாச்சு, 2024 ஜூலை 1-ல நடைமுறைக்கும் வந்தாச்சு. இடையில ஆறு மாசம். அதைக் கவனிக்காம பழைய தண்டனைச் சட்டத்தைக் கட்டுக் கட்டா வாங்கிப் போட்டவரை எந்த விற்பனைத் திறமை காப்பாத்தும்? பழைய வழக்கு நடத்துற வக்கீல் யாரோ ஒருத்தர் ஒரு பிரதி கேட்பார். சட்டக் கல்லூரியில புதுசாச் சேர்ந்த பிள்ளை தலையில அதைக் கட்ட முடியாது, கட்டவும் கூடாது.

புத்தகத்தை உதறச் சொன்னேன்லா? பொடி மட்டுமா விழும்? ஜாதகம் விழும், பத்திர நகல் விழும், மகளுக்கு எழுதி அனுப்பாமப் போன கடிதம் விழும். அதை அந்த வீட்டம்மா கையில கொடுத்துட்டு, அவங்க படிச்சு முடிக்கிற வரை நின்னு, அப்புறந்தான் விலை பேசணும். அடுத்த தெருவுல இன்னொரு வீட்டு மாடிக்கு வழி சொல்லப் போறதும் அந்த அம்மாதான்.

எதிரணி அக்கா, அந்தப் படி ஏறாமக் கடைக்குச் சரக்கு வர்ற வழி ஒண்ணு இருந்தா, உங்க முறை வரும்போது சொல்லுங்க. நன்றி, வணக்கம்.