நிற்கும்போதே முடிவெடுங்கள்

பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று 32 மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது. அப்போது காங்கயம் பக்கம் எங்கள் கட்டுத்தரையில் ஏழு மாடுகள். பங்குனியில் ஒரு கிழ மாடு படுத்துவிட்டது. நான்கு பேர் தூக்கி நிறுத்தியும் நிற்கவில்லை, மூன்று நாள் கிடந்து செத்தது. மழை பொய்த்ததால் செத்தது என்று ஊரில் சொன்னார்கள். இல்லை. தையிலேயே எடுக்க வேண்டிய முடிவை நான் எடுக்கவில்லை, அதனால் செத்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

காங்கயம் மாடு வறட்சி தாங்கும் என்கிறோம். உண்மைதான். ஆனால் அது கொறங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டை, நம்பித் தாங்கிய மாடு. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல், ஊடே வெள்வேல மரம். புல் காய்ந்தாலும் கோடையில் உதிரும் வெள்வேலங்காயைத் தின்று உயிர் பிடிக்கும். நான் மூன்று மாடு மேய வேண்டிய காட்டில் ஏழையும் விட்டேன். மாசியிலேயே புல் தூரோடு போய்விட்டது.

சரி, என்ன செய்வது? கார்த்திகை முடிந்தும் மழை இல்லையென்றால் சேர்த்து வைத்த தீவனப் போரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 கிலோ மாட்டுக்கு நாளுக்கு ஆறு கிலோ காய்ந்த தீவனமாவது வேண்டும். ஏழு மாட்டுக்கு மாதம் 1,260 கிலோ. உங்கள் சோளத்தட்டு எந்த மாதம் வரை வரும்? பற்றாது என்று தெரிந்தால், மாடு தெம்பாக இருக்கும்போதே சிலவற்றை விற்றுவிடுங்கள். விலா எலும்பு தெரிந்தபின் விற்றால் விலையும் வராது, லாரியில் நிற்க மாட்டுக்குச் சக்தியும் இருக்காது. சரக்கு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது 1978ஆம் ஆண்டு விதி. பணம் வந்தாயிற்று என்று திரும்பிவிடாதீர்கள், நின்று லாரியில் ஏறிய மாடுகளை எண்ணிவிட்டு வாருங்கள்.

அப்புறம், வைத்துக்கொண்ட மாடுகள். பசியைப் பார்க்கப் பொறுக்காமல் வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் அவிழ்த்து விடுகிறோமே, அதுதான் பயம். வறட்சியில் வளராமல் நின்ற சோளத்திலும், ஒரு தூறலுக்குப் பின் வெடிக்கும் துளிரிலும் சயனைடு நஞ்சு கூடுதல். பூ எடுக்கும் முன் பச்சையாகக் கொடுக்காதீர்கள். வெட்டி, வெயிலில் நன்றாகக் காயவைத்தால் நஞ்சு குறையும். தின்ற மாடு மூச்சு வாங்கித் தள்ளாடினால் உடனே மருத்துவரைக் கூப்பிட்டு, சோளம் தின்றது என்பதை முதலில் சொல்லுங்கள். அந்த நஞ்சை முறிக்கும் ஊசி இருக்கிறது. நிமிடக் கணக்கில் போட்டாக வேண்டும்.