ஆண்கள் குழுவில் யாரைக் காணோம்?

நண்பர்களே, பேஸ்புக்கிலும் டெலிகிராமிலும் நடக்கிற ஆண்கள் உரிமைக் குழுக்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பை அறிவித்ததுமே முன்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். பரவாயில்லை, அந்தச் சிரிப்பையும் சேர்த்தே பேசுவோம்.

ராத்திரி ஒரு மணிக்கு அங்கே ஒருவர் கேட்கிறார்: "மனைவி புகார் கொடுத்திருக்கிறாள். காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மகளிர் ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். போகலாமா?" உடனே ஒருவர், "நோட்டீஸ் எழுத்தில் கொடுத்தார்களா?" என்று விசாரிக்கிறார். இன்னொருவர் 2014-இல் வந்த அர்னேஷ் குமார் தீர்ப்பை அனுப்புகிறார். ஏழாண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் போலீஸ் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, செய்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. வக்கீலுக்கு ஃபீஸ் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியது, சும்மா கிடைக்கிறது. அப்புறம் மூன்றாவது ஆள் வருகிறார். "பொம்பளைங்களே இப்படித்தான்" என்று ஆரம்பித்து, மேடையில் சொல்ல முடியாத வார்த்தையில் முடிக்கிறார். மறுநாள் ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றுவது அதுதான்.

பெண்களை வெறுப்பவர்கள் என்பதெல்லாம் வெளியாட்கள் கிளப்பிவிட்ட கெட்ட பெயர் என்று குழுக்காரர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்தப் பதிலுக்கு லைக் போட்டது யார்? 2022 ஜனவரியில், மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவதைக் குற்றமாக்கலாமா என்று டெல்லி உயர் நீதிமன்றம் விசாரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, இனிக் கல்யாணமே வேண்டாம் என்று ட்விட்டரில் ஹேஷ்டேக் ஓட்டினார்கள். பார்க்கிறவர்கள் என்னதான் நினைப்பார்கள்?

வரதட்சணைக் கொடுமைக்காக 1983-இல் வந்த 498ஏ பிரிவு தவறாகப் பயன்பட்டால் அது 'சட்டப் பயங்கரவாதம்' ஆகிவிடும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது உண்மை. குழுக்களில் தினமும் சுற்றும் மேற்கோள் அது. அதே தீர்ப்பு அந்தப் பிரிவு செல்லும் என்று சொன்னதை யாரும் பகிர்வதில்லை.

தற்கொலைக் கணக்கிலும் இதே கதைதான். 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர், அதில் ஆண்கள் 1,22,724 பேர். இதைப் போட்டுக் கீழே '498ஏ' என்று எழுதிவிடுகிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அந்த அறிக்கையை இன்னும் கொஞ்சம் புரட்டினால், மொத்தத்தில் திருமணச் சிக்கல் என்று பதிவானது 4.8 சதவீதம். அது நீங்கலான குடும்பப் பிரச்சினைகள் 31.7 சதவீதம். இறந்தவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல் தினக்கூலி.

சென்டரிங் வேலைக்குப் போகிறவர், வார வட்டிக்கு வாங்கிவிட்டு ஊரைவிட்டு ஒளிந்து திரிகிறவர் எல்லாம் ஆண்கள்தானே? குழுவில் அவர்களைக் காணோம். வழக்கு நடத்த வசதி உள்ளவரின் துயரம் மட்டும்தான் அங்கே ஆண்களின் துயரம்.

குழு நடத்துகிற தம்பிகள் யாராவது இங்கே இருந்தால், வரும் நவம்பர் 19 ஆண்கள் நாளுக்கு ஒரு பதிவு போடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயர் சேர்ப்பது எப்படி என்று எழுதினாலே போதும், நானே பகிர்கிறேன்.