படுகளத்துத் துரியோதனனும் பிரட் ஹார்ட்டும்

(தருமபுரியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில், 'அப்பா தொழில்' என்ற தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் இதே இடத்தில் ஒருவர் தறி நெய்த தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். பாதிப் பேர் கண் கலங்கினீர்கள். நான் பிரட் ஹார்ட் என்ற கனடாக்காரரின் குஸ்தியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிரிப்பு. பரவாயில்லை. சிரித்தவர்களில் நாலு பேராவது டிவி குஸ்திக்காரர்களின் படமும் எடையும் உயரமும் போட்ட டிரம்ப் கார்டு ஆடியவர்கள்தான், முகமே சொல்கிறது.

அந்தச் சீட்டுக்கட்டில் எடைக்கு யோகோசுனா, உயரத்துக்கு ஜயண்ட் கொன்சாலஸ். பிரட் ஹார்ட் கைக்கு வந்தால் எதைச் சொல்லி ஜெயிப்பது என்றே தெரியாது. ஆனால் டிவியில் அவர் வந்தால் எழுந்து நின்றுவிடுவோம். கறுப்பும் ரோஸும் கலந்த உடை, எண்ணெய் வைத்ததுபோல ஈரமான முடி. ரிங்குக்குள் போகும்முன் கண்ணாடியைக் கழற்றி ஓரத்தில் நிற்கும் ஒரு குழந்தைக்கு மாட்டிவிடுவார். அப்புறம் அந்த ஷார்ப்ஷூட்டர். மல்லாந்து கிடப்பவனின் கால்களைத் தன் காலைச் சுற்றிப் பின்னி, குப்புறப் புரட்டி, இடுப்புமேல் உட்காரும் பிடி. என் பெரியப்பா மகன் அதைக் களத்துமேட்டில் எனக்குப் போட்டான். மூன்று நாள் இடுப்பு நிமிரவில்லை. பிரட் உட்காருவதுபோலத் தெரியுமே தவிர உட்காரமாட்டார், பாரம் அவர் கால்களில்தான் நிற்கும் என்பது எங்களுக்கு யார் சொன்னார்கள்?

சரி, அப்பா கதைக்கு வருகிறேன். பிரட்டின் அப்பா பெயர் ஸ்டூ ஹார்ட். கனடாவின் கால்கரி நகரத்தில் ஸ்டாம்பீட் என்ற பெயரில் மல்யுத்த நிறுவனம் நடத்தியவர். 12 பிள்ளைகள். எட்டு மகன்களும் ஏதோ ஒரு வகையில் ரிங்கோடு ஒட்டிக்கொண்டார்கள். நாலு மகள்களும் மல்யுத்தக்காரர்களையே கட்டிக்கொண்டார்கள். 1957இல் பிறந்த பிரட் எட்டாவது. வீட்டின் நிலவறையில் பாய் விரித்த ஓர் அறை, அதற்குப் 'பாதாளச் சிறை' என்றே பெயர். தொழில் பழக வந்தவர்களை ஸ்டூ அங்கே கூட்டிப்போய் நிஜமாகவே பிடி போடுவார். அலறல் மேலே சமையலறை வரை கேட்கும். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள்.

அந்த வீட்டில் வளர்ந்தவர் முரடனாக வந்திருக்க வேண்டும். வந்தவரோ, தன்னோடு மோதிய யாருக்கும் பெரிய காயம் வைத்ததில்லை என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டவர். நிஜமான வலி எங்கே தொடங்கும் என்று தெரிந்தவருக்குத்தான் அதற்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்க வரும் என்று நினைக்கிறேன்.

"யார் ஜெயிப்பது என்று முன்னாலேயே பேசிவைத்த பொய்ச்சண்டைதானே?" என்று கேட்பீர்கள். நம் ஊரில் பாரதக் கூத்து பார்த்தவர்கள் இதைக் கேட்கலாமா? பதினெட்டாம் நாள் துரியோதனன் சாவான் என்று தெரிந்தேதானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்? என் பெரியப்பா துரியோதனன் வேஷம் கட்டுவார். கூத்தின் கடைசி நாளான படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருக்க, அதைச் சுற்றிச் சுற்றி பீமன் துரத்துவான். "கதாயுதம் தொடையில விழுந்தாப்ல இருக்கணும், விழக்கூடாது" என்பார் பெரியப்பா. பிரட் செய்ததும் இதுதான்.

1992 ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளி மைதானம், சுமார் 80,000 கூட்டம். எதிரே நின்ற பிரிட்டிஷ் புல்டாக் வேறு யாருமில்லை, தங்கை டயானாவின் கணவர். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மச்சானுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது, தான்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி ஆட்டத்தை நடத்தினேன் என்று பிரட் பின்னால் சொன்னார். கடைசியில் மச்சானின் சொந்த நாட்டில் மச்சானிடம் தோற்று தன் பட்டத்துக்கான பெல்ட்டைக் கொடுத்தார். என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் அதுதான். இரண்டு மாதத்தில் ரிக் ஃபிளேரை ஜெயித்து உலகப் பட்டம் வாங்கியதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

1997 நவம்பர் 9, கனடாவின் மான்ட்ரியல். பிரட் வேறு நிறுவனத்துக்குப் போக ஒப்பந்தம் போட்டாயிற்று, உலகப் பட்டத்தின் பெல்ட் இன்னும் இடுப்பில். அன்றைய எதிராளி ஷான் மைக்கேல்ஸிடம் சொந்த நாட்டில் தோற்கமாட்டேன் என்றார். வெம்ப்ளியில் மச்சான் ஊரில் தோற்றவருக்குத் தன் ஊரில் தோற்க மனம் வரவில்லை. அதில் கொஞ்சம் வீம்பும் இருக்கிறது என்பேன். வெற்றி தோல்வி இல்லாமல் கலைப்பது என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் பாதியில் ஷான், பிரட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடியையே பிரட்டுக்குப் போட்டார். உடனே நடுவர் மணியடிக்கச் சொல்லிவிட்டார். பிரட் தோல்வியை ஒப்புக்கொள்ளவே இல்லை. எல்லாம் முதலாளியின் ஏற்பாடு. ரிங்கோரம் நின்ற அந்த முதலாளி வின்ஸ் மக்மான் முகத்தில் பிரட் துப்பினார், அப்புறம் உள்ளே போய் ஒரு குத்தும் விட்டார்.

ஒரு வருஷம் படுகளத்தில் பீமன் வேஷக்காரர் தண்ணி போட்டுவிட்டு வந்து நிஜமாகவே அடித்துவிட்டார். பெரியப்பா ஒரு மாதம் நொண்டினார். வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "சொல்லாம அடிச்சிட்டான்டா" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வார். மான்ட்ரியல் எனக்கு அப்படித்தான் புரிந்தது.

அதற்குப் பின் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நிதானமாகச் சொல்ல முடியாது. 1999 மே 23, கேன்சஸ் சிட்டி. ஹார்ட் வீட்டின் கடைக்குட்டி, பிரட்டின் தம்பி ஓவனை அரங்கக் கூரையிலிருந்து கயிற்றில் ரிங்குக்கு இறக்கும்போது கொக்கி விடுபட்டு சுமார் 78 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தான். வயது 34. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் ஆட்டத்தில் கோல்ட்பர்க் என்ற குஸ்திக்காரர் விட்ட உதை பிரட்டின் தலையில் பட்டு மூளை அதிர்ந்தது. யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொண்டவரின் தொழில் அடுத்த ஆண்டே முடிந்தது. 2002இல் சைக்கிளிலிருந்து விழுந்தார், பக்கவாதம். இடது பக்கம் செயலிழந்து, மாதக்கணக்கில் நடை பழகி எழுந்தார். அடுத்த வருஷம் அப்பா ஸ்டூ போய்ச் சேர்ந்தார்.

2010 ஜனவரி 4 அன்று மக்மானின் நிறுவனத்து ரிங்குக்குப் பிரட் திரும்பி வந்தார். ஷானும் அவரும் கை குலுக்கிக் கட்டிக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷத்துக் கோபம். அது நடிப்பா நிஜமா என்று இன்னமும் விவாதிப்பவர்கள் உண்டு. நான் நம்புகிறேன்.

பெரியப்பா அப்படி இல்லை. மறு வருஷம் பீமனுக்கு வேறு ஆளைப் போட்டால்தான் வேஷம் கட்டுவேன் என்றுவிட்டார். போட்டார்கள்.