குறைமாதக் குழந்தையின் மூளையை எம்.ஆர்.ஐ. எப்படிப் பார்க்கிறது?

[திரையில்: கறுப்பு வெள்ளையில் இரண்டு மூளைப் படங்கள், அருகருகே]

இந்த இரண்டு படங்களையும் கொஞ்ச நேரம் பாருங்கள். வலது பக்கம் இருப்பது பத்து மாதமும் நிறைந்து பிறந்த குழந்தையின் மூளை. மேடும் பள்ளமுமாக மடிப்புகள் நிறைந்து, பெரியவர்களின் மூளையைச் சின்னதாக்கி வைத்தது மாதிரியே இருக்கும். இடது பக்கம் இருப்பது 25-ஆவது வாரத்தில் பிறந்த குழந்தையுடையது. பிறந்த சில நாட்களில் எடுத்த படம். மேற்பரப்பு ஏறக்குறைய வழுவழுப்பாக இருக்கிறது. பக்கவாட்டில் ஒரே ஒரு அகலமான பள்ளம் மட்டும் திறந்து கிடக்கிறது. சில்வியன் பிளவு என்று அதைச் சொல்வார்கள்.

இரண்டுக்கும் நடுவில் 15 வாரங்கள். அந்த 15 வாரங்களும் கருப்பைக்குள் நடக்க வேண்டிய வேலை, இன்குபேட்டருக்குள் நடந்தால் என்ன ஆகும்? இந்த வீடியோவில் பார்க்கப்போவது அதைத்தான்.

[திரையில்: கருப்பையில் வளர்ச்சி, வாரக் கணக்குடன்]

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதம். 28 வாரத்துக்கும் முன்பே பிறந்தால் மிகமிகக் குறைமாதம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் முடிவதற்குள் பிறந்தார்கள். எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கு.

கடைசி மூன்று மாதங்களில் மூளை வளரும் வேகம் கொஞ்சநஞ்சமல்ல. 1998-இல் பெட்ரா ஹ்யூப்பியும் அவருடைய குழுவினரும் எம்.ஆர்.ஐ. படங்களை வைத்து அதை அளந்தார்கள். மூளைத் திசுவின் கொள்ளளவு வாரத்துக்குச் சுமார் 22 மில்லி கூடுகிறது. மூளையின் மேலுறையான புறணியில் உள்ள, நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்பொருள், 29-ஆவது வாரத்திலிருந்து பிரசவ தேதிக்குள் கிட்டத்தட்ட 4 மடங்காகிவிடுகிறது.

ஆபத்தும் இதே காலத்தில்தான். நரம்பிழைகளுக்கு மையலின் என்ற கொழுப்பு உறையைப் போடுகிற செல்கள் இருக்கின்றன. 23 முதல் 32 வாரம் வரை அவை முதிர்ச்சி பெறாமல் இருக்கும். ஆக்சிஜன் குறைந்தாலும், தொற்று வந்து உடம்பில் அழற்சி ஏற்பட்டாலும், முதலில் அடி வாங்குவது இவைதான். குறைமாதக் குழந்தைக்கோ, நுரையீரல் சரியாக வேலை செய்யாத நாட்களும் தொற்று எளிதாகத் தொற்றிக்கொள்ளும் நாட்களும் இதே வாரங்களில் வந்து விழுகின்றன.

[திரையில்: உச்சிக்குழி மேல் அல்ட்ராசவுண்ட் கருவி]

சரி, இதைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் போதாதா? குழந்தையின் உச்சிக்குழி மேல் கருவியை வைத்தால், இன்குபேட்டரை விட்டு வெளியே எடுக்காமலே மூளையைப் பார்த்துவிடலாம். ரத்தக்கசிவு, பெரிய நீர்க்கட்டி எல்லாம் அதில் நன்றாகத் தெரியும். இன்றைக்கும் அன்றாடச் சிகிச்சையில் அதுதான் முதல் கருவி. ஆனால் நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருள் முழுக்கப் பரவலாக, மெல்லிதாக ஏற்படுகிற பாதிப்பு அதில் பெரும்பாலும் பிடிபடாது. அந்தக் குறையை எம்.ஆர்.ஐ. நிரப்புகிறது.

[திரையில்: லண்டன், செயின்ட் தாமஸ் மருத்துவமனை]

பெரியவர்களையே அரை மணி நேரம் அசையாமல் படுக்க வைப்பது கஷ்டம். பச்சிளங்குழந்தையை எப்படி? 'வளரும் மனித மூளை இணைப்பு வரைபடத் திட்டம்' என்ற பெரிய ஆய்வு, செயின்ட் தாமஸில் உள்ள பச்சிளங்குழந்தைப் படமெடுப்பு மையத்தில் நடந்தது. கிங்ஸ் கல்லூரி, இம்பீரியல் கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து நடத்தின. பணம் கொடுத்தது ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழுமம். அங்கே செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த பகுதி இது.

குழந்தைக்கு மயக்க மருந்து கிடையாது. வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுக்கமாகச் சுற்றி, தானாகத் தூங்கவிடுகிறார்கள். காதுக்குள் மென்மையான பிசின் அடைப்பு, அதன் மேல் காதுறை, அதற்கும் மேல் ஒலியைத் தடுக்கும் ஒரு மூடி. அப்புறம் சின்னச் சின்ன மணிகள் நிரப்பிய ஒரு பையில் படுக்க வைத்து, பையிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பை கெட்டியாகி, குழந்தையின் உடம்பு வடிவத்துக்கே அமைந்துகொள்ளும். நசுக்காது, ஆனால் அசையவும் விடாது. தலைக்கென்றே சிறியதாகச் செய்த, 32 ஏற்பிகள் கொண்ட, சிக்னலைப் பிடிக்கும் சுருள் ஒன்றும் உண்டு. இதயத் துடிப்பு, ஆக்சிஜன் அளவு, உடல் வெப்பம் மூன்றையும் திரையில் பார்த்துக்கொண்டு பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருப்பார்.

ஸ்கேனரின் சத்தம் சட்டென்று ஆரம்பித்தால் குழந்தை திடுக்கிட்டு விழித்துவிடும். அதனால் சத்தம் சில நொடிகளில் மெல்ல மெல்ல ஏறும்படி மென்பொருளையே மாற்றி எழுதினார்கள்.

இவ்வளவு செய்தும் குழந்தை அசையும். தூக்கத்தில் வாயைச் சப்பும், தலையைத் திருப்பும். படம் துண்டு துண்டாக எடுக்கப்படுவதால், ஒவ்வொரு துண்டும் எடுத்தபோது தலை எங்கே இருந்தது என்று கணினி கணக்கிட்டு, எல்லாவற்றையும் சரியான இடத்தில் அடுக்கிக்கொள்ளும்.

[திரையில்: பெரியவர் மூளை, பச்சிளங்குழந்தை மூளை, ஒரே வகைப் படம்]

இப்போது படத்தில் என்ன தெரிகிறது? டி1 என்ற எம்.ஆர்.ஐ. பட வகையில் பெரியவர்களுக்கு வெண்பொருள் வெளுப்பாகவும், சாம்பல்பொருள் கருமை கலந்தும் வரும். பிறந்த குழந்தைக்கு அப்படியே தலைகீழ். மையலின் இன்னும் போர்த்தப்படாததால் வெண்பொருளில் தண்ணீர் அதிகம். பெரியவர்களுக்கென எழுதிய மென்பொருளில் இந்தப் படத்தைப் போட்டால் எது எது என்று தெரியாமல் குழம்பிவிடும். அதனால் பச்சிளங்குழந்தைகளுக்கென்று தனி மென்பொருளும், வாரவாரியான மூளை வரைபடங்களும் உருவாக்க வேண்டியிருந்தது. மையலின் வரும் வரிசையும் ஓர் அடையாளம். கை கால்களை அசைக்கும் கட்டளைகள் போகிற பாதை ஒன்று மூளையின் ஆழத்தில் இருக்கிறது. பிரசவ தேதியை ஒட்டி அதில் மையலின் வந்திருக்கிறதா என்று மருத்துவர்கள் தேடிப் பார்ப்பார்கள்.

இன்னொரு வகைப் படம், தண்ணீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் நகர்கின்றன என்பதை அளக்கிறது. நரம்பிழைக் கற்றைகள் இருக்கும் இடத்தில் தண்ணீர் கற்றையின் நெடுக்கில் சுலபமாக ஓடும், குறுக்கே ஓடாது. அதை வைத்து எந்தப் பகுதி எதோடு இணைந்திருக்கிறது என்று வரையலாம். புறணியில் நடப்பதுதான் சுவாரசியம். 26 வார வயதில் அங்கே தண்ணீர் பெரும்பாலும் ஒரே திசையில், மேலும் கீழுமாக நகரும். வாரங்கள் போகப்போக அந்த ஒழுங்கு குறைகிறது. கெட்டுப்போகிறது என்று அர்த்தமில்லை. நரம்பணுக்கள் எல்லாப் பக்கமும் கிளை விடுகின்றன, அதனால் தண்ணீருக்கு ஒரே வழி என்பது இல்லாமல் போகிறது. உயிருள்ள குழந்தையின் மூளையில், ஒரு வெட்டுக்கூடப் போடாமல், நரம்பணுக்கள் கிளைப்பதற்கான தடயத்தைப் பார்க்க முடிகிறது என்பது சாதாரண விஷயமில்லை.

[திரையில்: பிரசவ தேதியில் எடுத்த இரு குழுக்களின் படங்கள்]

ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். 26 வாரத்தில் பிறந்த குழந்தையை, அது இயல்பாகப் பிறந்திருக்க வேண்டிய தேதியை ஒட்டி ஸ்கேன் எடுத்து, அப்போதுதான் பிறந்த நிறைமாதக் குழந்தையோடு ஒப்பிடுவார்கள். கருவுற்றதிலிருந்து கணக்கிட்டால் இருவருக்கும் ஒரே வயது. குழுவாகப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது: குறைமாதக் குழந்தைகளுக்கு மூளையைச் சுற்றிலும் உள்ளேயும் திரவ இடைவெளி அதிகம், மூளையின் நடுவில் தகவல்களைப் புறணிக்குக் கடத்தும் தலாமஸ் சிறியது, வெண்பொருளின் அமைப்பு பின்தங்கியிருக்கிறது.

2006-இல் லியான் வுட்வர்டும் சகாக்களும் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 30 வாரமோ அதற்குள்ளோ பிறந்த 167 குழந்தைகளை இப்படிப் படமெடுத்து, 2 வயது வரை பின்தொடர்ந்தார்கள். 21 சதவீதம் பேருக்கு வெண்பொருளில் மிதமான அல்லது கடுமையான பாதிப்பு இருந்தது. அவர்களிடம், உடல் அசைவைப் பாதிக்கும் பெருமூளை வாதமும் கடுமையான வளர்ச்சித் தாமதமும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டன.

ஆனால் இங்கேதான் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும். அது குழுவுக்கான கணக்கு. அதே ஆய்வில், பாதிப்பு தெரிந்தும் நன்றாக வளர்ந்த குழந்தைகள் உண்டு. படம் சுத்தமாக இருந்தும் தாமதம் வந்தவர்களும் உண்டு. எம்.ஆர்.ஐ. படம் குழந்தையின் ஜாதகம் இல்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2015-இல் இதைக் கொஞ்சம் கறாராகவே சொன்னது: எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் வழக்கமாக எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாம். அப்புறம் 2018-இல், 33 வாரத்துக்கு முன் பிறந்த 511 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆங்கிலேய ஆய்வு வெளியானது. எம்.ஆர்.ஐ. முடிவைக் கேட்ட தாய்மாருக்கு, அல்ட்ராசவுண்ட் முடிவைக் கேட்டவர்களைவிடக் கவலை கொஞ்சம் குறைந்திருந்தது. கொஞ்சம்தான். செலவு கூடியது.

என் கருத்து என்ன என்றால், ஆராய்ச்சிக்கு இது பொக்கிஷம், ஒவ்வொரு குழந்தைக்கும் எடுக்கிற சடங்காக மாற வேண்டியதில்லை. அல்ட்ராசவுண்டில் ஏதாவது சந்தேகம் இருந்தால், வலிப்பு வந்திருந்தால், மருத்துவர் கேட்டால், தயங்காமல் எடுக்கலாம். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்-ரே மாதிரியான கதிர்வீச்சு இல்லை.

லண்டன் குழு 783 குழந்தைகளின் படங்களை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்காக வெளியிட்டிருக்கிறது. இன்னொரு பக்கம், இயந்திரமே சிறியதாகி வருகிறது. தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே வைக்கக்கூடிய, 1 டெஸ்லா காந்த வலிமை கொண்ட பச்சிளங்குழந்தை ஸ்கேனருக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் வேறு மாடிக்குப் போகிற வேலை அங்கே மிச்சம்.

படம் எப்படி வந்தாலும் 2 வயதை ஒட்டி நடக்கும் வளர்ச்சிப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். குழந்தை கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறதா, படத்தைக் காட்டிப் பெயர் சொன்னால் விரலால் தொடுகிறதா என்றெல்லாம் அதில் பார்ப்பார்கள். வயதைக் கணக்கிடும்போது பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ணச் சொல்லுங்கள்.