ஐந்து ஏக்கர் மண்ணும் ஒரு லாரித் தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் தென்மேற்கில், அதிலும் அரிசோனாவில், நிலத்தடி நீர் சம்பந்தப்பட்ட வேலையிலேயே என் காலம் போயிருக்கிறது. அது தெரிந்த நம்மவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பார்கள். "அண்ணா, பாலைவனத்துல அஞ்சு ஏக்கர் வருது. ஒரு பழைய கார் விலைதான். வாங்கி ஒரு சின்ன வீடு கட்டிக்கிட்டுப் போயிடலாமா?" நிலையத்தார் பேச அழைத்ததும், இதைப் பற்றித்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீல வானம், தூரத்தில் மலை, நடுவில் ஒரு கற்றாழை. முன்பணம் கொஞ்சம், மாதத் தவணை கொஞ்சம், வங்கிப் பக்கமே போக வேண்டாம். நமக்கு ஏக்கர் என்று கேட்டாலே மனசு இளகிவிடும். சென்னையில் அரை கிரவுண்டுக்காக வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டுகிறவர்கள் நாம். மண்ணில் போட்ட காசு வீண்போகாது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அந்தப் பெரியவர்கள் சொன்ன மண்ணில் கிணறு இருந்தது, வண்டிப்பாதை இருந்தது, கூப்பிடு தூரத்தில் பக்கத்து வீடு இருந்தது. இங்கே விற்பது இவற்றில் எதுவும் இல்லாத மண். அதனால்தான் அது மலிவு.

முதலில் தண்ணீர். நான் எங்கே ஆரம்பித்தாலும் தண்ணீருக்குத்தான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"போர் போட்டா தண்ணி வரும்ல?" என்பார்கள். வரலாம். எத்தனை அடியில் வரும், எவ்வளவு வரும், குடிக்க முடியுமா என்பது வேறு கேள்விகள். பாலைவனப் பள்ளத்தாக்குகளில் நூற்றுக்கணக்கான அடி போக வேண்டியிருக்கும். சில இடங்களில் ஆயிரத்தைத் தாண்டும். போர் போடுகிறவர் அடிக்கணக்கில் காசு வாங்குவார், தண்ணீர் வராவிட்டாலும் வாங்குவார். ஐந்து ஏக்கருக்குக் கொடுத்த விலையைப்போலப் பல மடங்கு அந்தத் துளைக்குள் போய்விடும். அப்படியும் வருகிற தண்ணீரில் ஆர்சனிக் இருக்கலாம், ஃப்ளோரைடு அதிகம் இருக்கலாம். இந்தப் பக்கத்து மண்ணிலும் பாறையிலும் இவை இயற்கையாகவே இருக்கின்றன.

சரி, போர் வேண்டாம், தண்ணீரைக் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பிக்கொள்ளலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். அமெரிக்க வீடுகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 லிட்டர் சாதாரணமாகச் செலவாகிறது. நீங்கள் மிகவும் சிக்கனம், 100 லிட்டரில் சமாளிக்கிறீர்கள் என்று வையுங்கள். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 12,000 லிட்டர். அதாவது 12 டன் எடை. இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வைத்திருப்பார்களே, 275 கேலன் பிடிக்கும், அதை நிரப்பினால் ஒரு டன்னுக்கு மேல். சாதாரண பிக்கப் வண்டி தாங்குகிற எடையைத் தாண்டிவிடும். அந்தப் பிளாஸ்டிக்கின் வழியே வெயில் புகுந்து, சில வாரங்களில் உள்சுவரெல்லாம் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். மேலே கறுப்புத் துணி சுற்றி வைப்பார்கள். கோடையில் வீட்டைக் குளிர்விக்க ஏர் கூலர் போட்டால், அது தன் பங்குக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். பெண்கள்தான் இந்தக் கணக்கை முதலில் புரிந்துகொள்கிறார்கள். சென்னையில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு காத்திருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை.

ஒரு ஊரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ். அரிசோனாவின் தலைநகர் ஃபீனிக்ஸ் பக்கத்தில் ஸ்காட்ஸ்டேல் என்று செழிப்பான நகரம் இருக்கிறது, அதன் எல்லைக்கு வெளியே இருக்கும் பகுதி. அரிசோனாவில் 1980-லேயே நிலத்தடி நீர்ச் சட்டம் வந்துவிட்டது. ஃபீனிக்ஸ், டூசான் போன்ற பகுதிகளில் மனை பிரித்து விற்பவர், நூறு ஆண்டுகளுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் ஆறு மனையாகவோ அதற்கு மேலோ பிரித்தால்தான் அந்த விதி. ஐந்தாகப் பிரித்தால் கேள்வி இல்லை. ஒருவர் ஐந்தாகப் பிரிப்பார். அதில் ஒன்றை வாங்கியவர் மறுபடி பிரிப்பார். இப்படியே ஒரு ஊரே முளைத்துவிட்டது. ஊராட்சி, நகராட்சி எதுவும் கிடையாது. குழாயும் கிடையாது. சிலருக்குக் கிணறு உண்டு. மற்ற நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஸ்காட்ஸ்டேல் நகரத்துக் குழாயில் லாரிகள் நிரப்பிக் கொண்டுவந்து ஊற்றின. பல ஆண்டுகள் அப்படி ஓடியது. வாங்கியவர்களும் அது எப்போதும் ஓடும் என்றே நம்பினார்கள்.

2021-ல், ஸ்காட்ஸ்டேலுக்கும் தண்ணீர் தருகிற கொலராடோ ஆற்றில் முதன்முறையாகத் தண்ணீர்ப் பற்றாக்குறை அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. எங்கள் ஊர் மக்களுக்குத்தான் முதல் உரிமை, வெளியே இருப்பவர்களுக்கு இனித் தர முடியாது என்றது ஸ்காட்ஸ்டேல். 2023 ஜனவரி 1-ஆம் தேதி குழாயை மூடிவிட்டார்கள். லாரிகள் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று, விலை எகிறியது. மக்கள் காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள். மழைநீரைப் பிடித்து வைத்துக் கழிவறைக்கு ஊற்றினார்கள். வழக்குப் போட்டார்கள், பலிக்கவில்லை. ஜூன் மாதம் மாநிலச் சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் போட்ட பிறகுதான் தற்காலிக ஏற்பாட்டுக்கு வழி பிறந்தது. நான் சொல்ல வருவதைக் கவனியுங்கள். அங்கே இருந்தவை பெரிய பெரிய வீடுகள். வசதி உள்ளவர்கள். பெருநகரம் கண்ணுக்கெட்டும் தூரத்தில். அவர்களுக்கே அந்த நிலைமை. ஊரிலிருந்து நாற்பது மைல் தள்ளி ஐந்து ஏக்கர் வாங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்துக்காக எந்தச் சட்டமன்றம் கூடும்?

இப்போது சேர்ந்துகொண்டவர்களுக்காகச் சொல்கிறேன், பாலைவனத்தில் மலிவாகக் கிடைக்கும் வெற்று நிலத்தில் குடியேறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். தண்ணீரில்தான் இன்னும் நிற்கிறேன்.

கிணறு இருந்தால் தப்பித்தோமா என்றால், அதுவும் இல்லை. தென்கிழக்கு அரிசோனாவில் வில்காக்ஸ் என்ற பகுதி. அங்கே நிலத்தடி நீரை யார் எவ்வளவு எடுக்கலாம் என்று வெகுகாலம் கட்டுப்பாடே கிடையாது. பெரிய பண்ணைகள் ஆழமாகத் துளைத்து இரவு பகலாக இறைத்தன. வீட்டுக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. நிலம் இறங்கி, தரையில் நீளநீளமாகப் பிளவு விட்டது. 2022-ல் கட்டுப்பாடு வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது, பக்கத்து டக்ளஸ் பகுதியில் வேண்டும் என்றார்கள், வில்காக்ஸில் தோற்றுவிட்டது. கடைசியில் 2024 இறுதியில் மாநில அரசே தலையிட்டது. அதற்குள் கிணறு வற்றிப்போனவர்கள் வீட்டையும் விற்க முடியாமல், இருக்கவும் முடியாமல் தவித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தண்ணீர் இல்லாத வீட்டை யார் வாங்குவார்?

உள்ளே வரும் தண்ணீரைச் சொன்னேன், வெளியே போகும் தண்ணீருக்கும் வழி வேண்டும். செப்டிக் டேங்க் இல்லாமல் குடியிருக்க அனுமதி கிடைக்காது. அதற்குக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் மண் உறிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். இந்தப் பாலைவனத்தில் ஒன்றிரண்டு அடிக்குக் கீழேயே சுக்கான் பாறை கிடக்கும். கடப்பாரையை ஓங்கிப் போட்டால் 'ணங்' என்று கை அதிரத் திரும்பி வரும். ஊற்றிய தண்ணீர் மறுநாள் வரை அப்படியே நிற்கும். அந்தச் சோதனையில் தேறாத நிலத்தில் சாதாரண செப்டிக் போட முடியாது, வேறு முறைக்குப் பல மடங்கு செலவு. டிரெய்லர் வண்டியை நிறுத்தி அதில் இருந்துகொள்கிறேன் என்றால், பல கவுண்டிகளில், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான பிரிவுகளில், சொந்த நிலத்திலேயே அப்படி நிரந்தரமாகத் தங்கக் கூடாது.

பாதை. மண் பாதை வண்டி ஓட ஓட ஆஸ்பெஸ்டாஸ் கூரை மாதிரி அலை அலையாகிவிடும். அதைச் சீராக்கக் கவுண்டி வராது. ஜூலை, ஆகஸ்டில் மழை வரும், வறண்ட ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும். உங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு விழாமல் இருபது மைல் தள்ளிப் பெய்த மழை உங்கள் பாதையை அறுத்துக்கொண்டு போகும். அன்று ஆம்புலன்ஸ் எப்படி வரும்? சிறு குழந்தை உள்ளவர்கள், வயதான அப்பா அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், இதை மட்டுமாவது யோசியுங்கள். 2023-ல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. அந்த வெயிலில் மின்சாரமும் தண்ணீரும் ஒரே நாளில் நின்றால் உயிருக்கே ஆபத்து.

இது புதிதாக வந்த ஆசையும் இல்லை. 1958-ல் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் நாட் மெண்டல்சன் என்பவர் 80,000 ஏக்கர் வாங்கி, கலிஃபோர்னியா சிட்டி என்று மாபெரும் நகரத்துக்குத் திட்டம் போட்டார். மனைகள் விற்றன. பரப்பளவில் அந்த மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் அது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 15,000-ஐக் கூடத் தொடவில்லை. மேலிருந்து பார்த்தால் தெருக்கள் தெருக்களாகத் தெரியும், வீடுகளைத்தான் தேட வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பத்திரத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தவணையில் விற்பவர் கடைசித் தவணை வரை பத்திரத்தைத் தன் பெயரில் வைத்திருப்பாரா என்று கேளுங்கள், இடையில் தவறினால் கட்டியது எல்லாம் போகலாம். 'குவிட்கிளெய்ம்' பத்திரம் என்றால், அவருக்கு உரிமை இருந்தால் அது உங்களுக்கு, இல்லையென்றால் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். நிலத்துக்குப் போகச் சட்டப்படி வழி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள், வரைபடத்தில் கோடு இருந்தால் போதாது. கனிம உரிமை பல இடங்களில் வேறொருவருக்கு இருக்கும். மொஹாவியில் பாதுகாக்கப்பட்ட ஆமையும் ஜோஷுவா மரமும் இருக்கின்றன, இஷ்டத்துக்கு மண்ணைத் தள்ள முடியாது.

காசு கொடுக்கும் முன், அந்த நிலத்தின் பார்சல் எண்ணை, நம்மூர் சர்வே எண் மாதிரி, வைத்துக்கொண்டு கவுண்டி அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். பக்கத்துக் கிணறு எத்தனை அடி, செப்டிக் அனுமதி கிடைக்குமா, பாதை யாருடையது, இந்த மூன்றையும் கேளுங்கள். பிறகு ஜூலை மாதத்தில், மதியம் இரண்டு மணிக்கு, குடும்பத்தோடு அங்கே போய் நின்று பாருங்கள். போகும்போது தண்ணீர் நிறைய எடுத்துக்கொண்டு போங்கள். வணக்கம்.