கன்னச் செல்லா, பாரமீசியமா? நுண்ணோக்கியில் பிரித்துப் பார்ப்பது எப்படி

[திரையில்: இரண்டு ஸ்லைடுகள்]

இடப்பக்கம், கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுத்த செல். வலப்பக்கம், வைக்கோல் ஊறிய குளத்துத் தண்ணீர் ஒரு துளி; அதில் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி. கன்னச் செல், பாரமீசியம் இரண்டிலும் செல் சவ்வு உண்டு, உட்கரு உண்டு. "உட்கரு தெரிகிறது, எனவே விலங்கு செல்" என்று எழுதினால் தப்பு. தனியாகப் பிழைக்கத் தேவையான உறுப்புகள் அந்த ஒற்றைச் செல்லுக்குள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

முதலில் கன்னச் செல். வாயைக் கொப்பளித்துவிட்டு, சுத்தமான பல்குச்சியின் மழுங்கிய முனையால் கன்னத்தை உள்ளே மெதுவாகத் தேயுங்கள். ஸ்லைடில் 0.9 சதவீத உப்புக் கரைசல் ஒரு துளி. அதாவது 100 மில்லிக்கு 0.9 கிராம் உப்பு. குச்சியை அதில் கலக்கி, 1 சதவீத மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுங்கள். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பை 45 டிகிரி சாய்த்து மெல்ல இறக்குங்கள். படுக்கையாகப் போட்டால் காற்றுக் குமிழ் சிக்கும். தடித்த கருவளையத்தோடு அச்சு வட்டமாகத் தெரிவது குமிழ்தான்.

[திரையில்: 400 மடங்கு]

ஓரம் உடைந்த அப்பளம் போல இருக்கிறது பாருங்கள். அகலம் சுமார் 60 மைக்ரோமீட்டர். நடுவில் கருநீல உட்கரு ஒன்று. சில செல்களின் ஓரம் மடிந்திருக்கும். அதைச் செல் சுவர் என்று குறித்துவிடாதீர்கள். மேலே சிதறிக் கிடக்கும் பொடிப் புள்ளிகள் வாயிலுள்ள பாக்டீரியாக்கள். உட்கரு இல்லாத ஒருசெல் உயிரிகள் இந்த ஸ்லைடிலேயே இருக்கின்றன!

இனி குளத்துத் துளி. இதற்குச் சாயம் வேண்டாம். அந்த அளவு மெத்திலீன் புளூ பாரமீசியத்தைக் கொன்றுவிடும். பஞ்சை நாலைந்து இழையாகப் பிரித்துப் போட்டால் அதன் வேகம் தடைபடும். நுண்ணோக்கியில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் டயாஃப்ரமைக் குறுக்குங்கள், சாயமில்லாமலே விளிம்பு தெளியும்.

செருப்பு வடிவம், நீளம் 170 முதல் 300 மைக்ரோமீட்டர். உடலின் இரு முனைப் பக்கங்களிலும் ஒவ்வொரு சுருங்கும் நுண்குமிழி. அதில் ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள்: மெல்லப் பெருக்கிறது, சட்டென்று மறைகிறது, மறுபடி பெருக்கிறது. நன்னீர் ஓயாமல் உள்ளே புகுவதால் அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் செல்லில் இந்த ஏற்பாடு கிடையாது. சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் வெடித்துவிடும்.

அசைவை மட்டும் நம்பாதீர்கள். எல்லாம் ஒரே திசையில் நகர்ந்தால் அது நீரோட்டம். நம் வெள்ளையணுவும் அமீபா போலவே போலிக்கால் நீட்டி ஊரும். பாரமீசியத்தை நகர்த்தும் குறு இழைகள் நம் மூச்சுக்குழாய்ச் செல்லிலும் உண்டு. எதிர்ப்பக்கத்திலும் இதே சிக்கல்தான்: சிறுநீர் மாதிரியில் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி உயிரோடு இருக்கையில் துள்ளித் துள்ளி நகரும், மாதிரி பழசாகி அசைவு நின்றால் வெள்ளையணு என்றே எண்ணத் தோன்றும். ஆகவே மாதிரி வந்ததும் தாமதிக்காமல் பார்த்துவிடுங்கள்.