நம் லேபிள் ஸ்டைலில் கை வைத்தது யார்?

வணக்கம் மக்களே. சிவில் த்ரீடி (சர்வே, சாலைப் படங்கள் வரையும் சாஃப்ட்வேர்) வேண்டாம், ட்ரோன் வீடியோ போடுங்கள் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். இன்று மறுபடியும் பாயிண்ட் லேபிள்தான், அதாவது படத்தில் ஒவ்வொரு சர்வே புள்ளிக்கும் பக்கத்தில் வரும் எழுத்து. இதைக் கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஒரு டோப்போ சர்வே, நிலத்தின் மேடு பள்ளத்தை அளப்பது. நம் படத்தை இன்னொரு ஆபீசுக்கு அனுப்பினோம், மரங்களைச் சேர்த்துத் தருவதற்காக. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான். படம் திரும்பி வந்தது, மரம் எல்லாம் அழகாக இருந்தது. ஏ0 ஷீட்டில் அடித்துப் பார்த்தால் ஸ்பாட் லெவல் (அந்தப் புள்ளியில் நிலத்தின் உயரம்) 1349.25 என்று நிற்கிறது! கோயம்புத்தூர் பக்கம் நிலமே 411 மீட்டர் சுமார்தான் இருக்கும். 411.25 மீட்டரை அடியாக்கினால் அந்த 1349 வரும். புள்ளி மீட்டரில் இருக்கிறது, லேபிள் மட்டும் அடியில் பேசுகிறது.

ஷீட் ஒன்றுக்கு 120 ரூபாய் மக்களே. போன வருடம் இதே கடையில் 90. கேட்டால் பேப்பர் விலை ஏறிவிட்டது என்கிறார். ஏறட்டும், கலர் பிரின்ட்டும் இல்லையே, வெறும் கறுப்புக் கோடுதானே? அதற்கு எதற்கு 120? இரண்டு ஷீட் என்றால் ஒரு பிரியாணி போச்சு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நடந்தது இதுதான். லேபிள் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது லேபிள் ஸ்டைல். அவர்கள் ஆபீசிலும் 'ஸ்பாட் லெவல்' என்று ஒன்று இருக்கிறது. நம்முடையதும் அதே பெயர். அவர்களுடையது அடிக் கணக்கில் இருக்கும் இம்பீரியல் டெம்ப்ளேட்டிலிருந்து (ஸ்டைல்கள் அடங்கிய மாதிரிக் கோப்பு) பிறந்தது. டூல்ஸ்பேஸ் என்ற பக்கப் பலகையில் செட்டிங்ஸ் டேப்பிலிருந்து ஒரு ஸ்டைலைப் பிடித்து இன்னொரு படத்தில் இழுத்துப் போடலாம் இல்லையா? அப்போது ஒரே பெயர் இருந்தால் என்ன செய்யட்டும் என்று கேட்கும். அங்கே யாரோ ஓவர்ரைட், அதாவது பழையதை அழித்துப் புதியதைப் போடு என்று தட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், நம் ஸ்டைல் காலி. பெயர் மட்டும் அதே பெயர்.

இழுத்துப் போடும் இந்த வசதி எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே ஆள் வேலை செய்தால் சரி. நாலு பேர் தொட்டால், நாலு படத்தில் ஒரே பெயரில் நாலு விதமான ஸ்டைல் இருக்கும்.

இதற்குச் சரியான வழி ரெஃபரன்ஸ் டெம்ப்ளேட். 2017 பதிப்பில் வந்தது, இன்னும் பாதிப் பேர் தொடுவதில்லை. மேனேஜ் டேப்பில் ஸ்டைல்ஸ் பகுதியில் ரெஃபரன்ஸ் என்று இருக்கும். சர்வரில் ஒரே ஒரு டெம்ப்ளேட் வையுங்கள், எல்லாப் படத்திலும் அதை இணையுங்கள். அதே பெயரில் படத்தில் என்ன ஸ்டைல் இருந்தாலும் டெம்ப்ளேட்டில் இருப்பது அதன் மேல் வந்து உட்கார்ந்துவிடும். இந்தப் படத்துக்கும் அதைத்தான் செய்தேன். இணைத்தேன், ஓகே கொடுத்தேன், அத்தனை லேபிளும் 411க்குத் திரும்பியது. நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். வீட்டில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள், மீட்டர் வந்துவிட்டது என்றேன். கரண்ட் மீட்டரா என்றார்கள்.

அந்த டெம்ப்ளேட் கோப்பை ரீட் ஒன்லி ஆக்கிவிடுங்கள். மாற்றும் உரிமை ஒருவருக்குப் போதும். எங்களிடம் அது நான்தான், கொஞ்சம் கொடுங்கோலன்தான், பரவாயில்லை.

அப்புறம் ஒன்று விட்டுவிட்டேன். அந்த அடி, மீட்டர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்லவே இல்லை. லேபிள் ஸ்டைலைத் திறந்து, லேஅவுட்டில் எலிவேஷன் பகுதியின் கன்டென்ட்ஸைத் தட்டினால் டெக்ஸ்ட் காம்பொனன்ட் எடிட்டர் வரும். யூனிட், தசம இடம் எல்லாம் அங்கேதான். படம் எந்த யூனிட்டில் இருந்தாலும் லேபிள் தன் யூனிட்டைத் தனியாக வைத்துக்கொள்ளும். அங்கே இடப்பக்கம் மீட்டர் என்று மாற்றிவிட்டு ஓகே கொடுத்தால் ஒன்றும் நடக்காது! வலப்பக்கம் இருக்கும் எலிவேஷன் குறியீட்டுத் தொடரை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும், இடப்பக்கம் மாற்ற வேண்டும், நடுவில் இருக்கும் அம்புக்குறியைத் தட்ட வேண்டும். இந்த அம்புக்குறியை வடிவமைத்தவர் எங்கிருந்தாலும் வாழ்க. எத்தனை பேருடைய மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறார்!

எழுத்தின் உயரமும் அதே லேஅவுட்டில்தான். அது தாளில் வரும் உயரம். 2.5 மில்லிமீட்டர் என்று வைத்தால் 1:500 அளவில் மாடலில் 1.25 மீட்டர், 1:200க்கு மாற்றினால் தானாக அரை மீட்டர். ஒவ்வொரு ஸ்கேலுக்கும் தனி லேபிள் ஸ்டைல் செய்து வைத்திருப்பவர்களே, தயவுசெய்து அழியுங்கள்.

டெம்ப்ளேட் இணைத்த பிறகும் லேபிள் மாறவில்லை என்று கமென்ட் வரும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பாயிண்ட் குரூப்பை, அதாவது புள்ளிகளைச் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பைப் பாருங்கள். டிஸ்கிரிப்ஷன் கீ (களத்தில் புள்ளிக்கு அடிக்கும் கோடைப் பார்த்து ஸ்டைலைத் தரும் விதி) ஒரு லேபிள் ஸ்டைலைச் சொல்லும், குரூப் இன்னொன்றைச் சொல்லும். சாதாரணமாகக் கீ ஜெயிக்கும். ஆனால் குரூப்பின் Overrides டேப்பில் லேபிள் ஸ்டைலுக்கு டிக் இருந்தால் குரூப்தான் ராஜா. ஒரு புள்ளி இரண்டு குரூப்பில் இருந்தால் பட்டியலில் மேலே இருக்கும் குரூப் சொல்வதுதான் நடக்கும். கீயில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறு வேறு. களத்தில் தம்பி சின்ன எழுத்தில் கோட் அடித்திருந்தால் பெரிய எழுத்தில் இருக்கும் கீ அதைப் பிடிக்காது.

எங்கள் டெம்ப்ளேட்டை அனுப்புங்கள் என்று கேட்பவர்களுக்கு: அனுப்ப மாட்டேன். உங்கள் ஆபீஸ் கோட் வேறு, லேயர் வேறு. என்னுடையதைப் போட்டால் நாளைக்கு உங்கள் ஷீட்டுக்கு நான் 120 ரூபாய் பதில் சொல்ல வேண்டும். வேண்டுமானால் காலியான டெம்ப்ளேட்டிலிருந்து செய்வதை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். எந்த லேபிளிலிருந்து தொடங்கலாம் என்று கீழே எழுதுங்கள். மரத்திலிருந்து மட்டும் வேண்டாம்.